பத்து விநாடி

எக்செல் அட்டவணையில் என் பெயருக்கு நேராக ஒரு பூஜ்யம் இருந்தது.

எங்கள் பந்தய அணியின் பாதுகாப்புச் சாமான் பட்டியல் அது. ஓட்டுநர்கள் நான்கு பேர்: மூன்று ஆண்கள், நான். அவர்கள் மூவரும் ஏற்கெனவே இரண்டு பந்தயங்கள் ஓட்டியவர்கள் என்பதால் அவர்களிடம் எல்லாமே இருந்தன. புதிதாகச் சேர்ந்த எனக்கு, ஹெல்மெட் இரவல். தீத்தடுப்பு உடை, அணித் தலைவரின் பழையது. கையுறை, யாருடையதாவது. செலவு, 0 டாலர்.

"உன்னால் நமக்குக் கூடுதல் செலவே இல்லை, பார்" என்றார் தலைவர். அலுவலகத்தில் என் அடுத்த மேசைக்காரர். ஆறடி இரண்டு அங்குலம். நல்ல மனிதர்தான். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாருக்கும் செலவு வைக்காமல் இருப்பதுதான் நல்ல பெண்ணுக்கு அழகு என்று வளர்க்கப்பட்டவள் அல்லவா? எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எனக்குப் போதும்" என்று சொல்லும் அம்மாக்களின் மகள்கள் நாம்.

பந்தயத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பது சின்னக் கதை. எண்பதுகளில் மெட்ராஸுக்கு வெளியே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடக்கும். அப்பா அண்ணனை அழைத்துக்கொண்டு போவார். "வெயிலு, கூட்டம், பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை?" வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் வாயாலேயே வண்டிச் சத்தம் போட்டுக் காட்டுவான். அந்தச் சத்தத்தை நான் நேரில் கேட்டது கலிஃபோர்னியாவில், நாற்பது வயதுக்கு மேல்.

பிரான்சில் 'லெ மான்ஸ்' என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேரக் கார் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. அதைக் கிண்டல் செய்து 2006இல் ஜே லாம் என்ற மோட்டார் பத்திரிகையாளர் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்ததுதான் '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்'. அமெரிக்காவில் ஓட்டை உடைசல் காரை 'லெமன்' என்பார்கள். இந்தப் பந்தயத்துக்கு வரும் காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது என்பது விதி. பெயரில்தான் 24 மணி நேரம். பெரும்பாலும் சனி, ஞாயிறு இரண்டு நாள் பகலில், ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். காரின் மேல் பொம்மையைக் கட்டுவார்கள், மாறுவேடம் போடுவார்கள். ஒரே கூத்துதான்.

ஆனால் அந்த 500 டாலர் கணக்கில் பாதுகாப்புச் சாமான் சேராது. இரும்புக்கூண்டு, இருக்கை, பெல்ட், ஓட்டுநரின் உடை எதற்கும் உச்சவரம்பு இல்லை. கார் எவ்வளவு மட்டமானதாகவும் இருக்கலாம், உள்ளே உட்காரும் உடம்பு அப்படியல்ல என்று விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மூரில் கேலியாகச் சொல்வோமே, இங்கே அதுதான் சரியான கணக்கு.

அந்தப் பழைய உடையைப் போட்டுப் பார்த்தேன். நான் ஐந்தடி ஓர் அங்குலம். கால் பகுதி மடிந்து மடிந்து பாதத்தின் மேல் விழுந்தது. மூன்று பெடல்களுக்கு நடுவே அது மாட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. தோளில் தொங்கிய துணி பெல்ட்டுக்கு அடியில் சுருண்டது. "மடித்து டேப் ஒட்டிக்கொள், ஒரு வார இறுதிதானே" என்றார் தலைவர். ஆங்கிலத்தில்தான் சொன்னார். என் காதில் விழுந்தது தமிழில்: கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.

பிறந்த வீட்டில் தொடங்கிப் பேருந்து இருக்கை வரை இந்த ஒரு வார்த்தையைக் கேட்காத பெண் உண்டா? அன்று இரவு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். எதில் அட்ஜஸ்ட் செய்யலாம், எதில் செய்யவே கூடாது என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

முதலில் உடை. அமெரிக்காவில் எஸ்எஃப்ஐ என்ற அமைப்பின் தர முத்திரை உடையின் தோளிலோ கையிலோ தைத்திருக்கும். 3.2ஏ என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடும் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் விஷயம். 1 என்றால், நெருப்புக்குள் இருக்கும்போது இரண்டாம் நிலைத் தீக்காயம் படுவதற்கு முன் சுமார் 3 விநாடி கிடைக்கும். 5 என்றால் 10 விநாடி. 15 என்றால் 30 விநாடி. நாம் காசு கொடுத்து வாங்குவது துணியை அல்ல, விநாடிகளை.

இதைப் படித்தபோது நான் நினைத்தது பந்தயக் காரை அல்ல. மாடி வீட்டு அக்காவை.

எனக்கு எட்டு வயது இருக்கும். மாடியில் புதிதாகக் கல்யாணமான அக்கா ஒருவர் இருந்தார். எனக்குத் தலை பின்னிவிடுவார். பம்பு அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ், நைலக்ஸ் புடவை. ஒரு மத்தியானம் கத்தல் கேட்டு எல்லோரும் மாடிக்கு ஓடினார்கள். என்னை யாரோ பிடித்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். அந்தக் காலத்துத் தினசரிகளில் "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்பது மூன்றாம் பக்கத்துச் செய்தி. எல்லா ஸ்டவ்களும் மருமகள்கள் பக்கத்தில் இருக்கும்போதே வெடித்தன என்பதை வளர்ந்த பிறகுதான் யோசித்தேன். அக்காவின் வீட்டு ஸ்டவ் உண்மையிலேயே வெடித்ததா என்று எனக்குத் தெரியாது. புடவை உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது என்று அம்மா பாட்டியிடம் ரகசியமாகச் சொன்னது மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அதன் பிறகு அம்மா அடுக்களைக்குள் பருத்திப் புடவையைத் தவிர எதையும் கட்டியதில்லை.

அதனால், உடையில் பேரம் இல்லை என்று முடிவு செய்தேன். 100 டாலரையொட்டி '1' தரத்து உடைகள் கிடைக்கின்றன. 240 டாலர் கொடுத்து என் அளவில் '5' வாங்கினேன். 140 டாலர் வித்தியாசத்துக்கு 7 விநாடி.

அதற்கு உள்ளே போடுவதில்தான் சிக்கல். பாலியஸ்டர், நைலான், ஸ்பான்டெக்ஸ் எதுவும் தோலில் படக் கூடாது. சூட்டில் உருகி ஒட்டும். ஆண்களுக்கு இது சுலபம், பருத்தி ஜட்டி பனியன் போதும். நமக்கு? கடையில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா முழுக்க முழுக்க அந்த உருகும் துணிதான். கம்பி வைத்த பிரா என்றால் கம்பி சூடாகும். தீத்தடுப்புத் துணியில் தைத்த பிரா உண்டு, ஆனால் என் பட்ஜெட்டில் இல்லை. அணியில் கேட்க முடியாத கேள்வி. இல்லை, கேட்டேன். மூவரும் தத்தம் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வாரம் இதே மூவரும் அரை மணி நேரம் தங்கள் உடலமைப்பைப் பற்றித் தீவிரமாக விவாதித்திருந்தார்கள். பந்தய பெல்ட்டில் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு பட்டைகளோடு, தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை ஒன்று உண்டு. மோதலில் உடம்பு இடுப்புப் பட்டைக்கு அடியில் வழுக்கிப் போகாமல் பிடிக்க. அது ஒரே பட்டையாக இருந்தால் 'அந்த இடத்தில்' என்ன ஆகும், இரண்டாகப் பிரிந்து தொடையோரமாகப் போனால் எவ்வளவு நிம்மதி என்று உவமைகளோடு பேசி, கூடுதல் விலையில் ஆறு முனை பெல்ட் வாங்க ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள். நானும் ஒப்புக்கொண்டேன், அது எனக்கும் நல்லதுதான். தோள்பட்டை என் மார்பின் மேல் எப்படிப் போகும் என்ற கேள்வி மட்டும் யாருக்கும் வரவில்லை.

உள்ளாடைப் பிரச்சினையைத் தீர்த்தது அம்மா. மெட்ராஸில் அந்தக் காலத்தில் நாம் போட்ட, கம்பியில்லாத காட்டன் பாடி நாலு வாங்கி அனுப்பச் சொன்னேன். "அமெரிக்காவுல பாடி கிடைக்கலையாடி?" என்று சிரித்தாள். காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. மாடி வீட்டு அக்கா பெயரை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை. "எலாஸ்டிக் இருக்கேடி அதுல, அது நைலான்தானே?" என்றாள். சரியான கேள்வி. அதனால் தோலோடு ஒட்டி முதலில் நோமெக்ஸ் உள்சட்டை, அதற்கு மேல் பாடி, அதற்கு மேல் உடை என்று போட்டுக்கொண்டேன். நோமெக்ஸ் என்பது உருகாத இழை. நெருப்புப் பட்டால் கருகித் தடிக்குமே தவிர உடம்பில் ஒட்டாது. மேலும் கீழுமாகச் செட் 130 டாலர்.

"நகை?" என்றாள் அடுத்து. பந்தயத்தில் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றேன். 2022இல் லூயிஸ் ஹாமில்டனின் மூக்குத்திக்கே பெரிய சண்டை நடந்தது. தாலிச் சங்கிலியைப் பற்றி அவளாகவே கேட்பாள் என்று காத்திருந்தேன். "எங்கம்மா அடுப்படியில சரட்டைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுப்பாங்க. நீ கழட்டி வச்சிட்டே போ" என்றாள். அவ்வளவுதான். இதற்காக ஒரு மாதம் மனசுக்குள் வசனம் தயாரித்து வைத்திருந்தேன்!

ஹெல்மெட் கதைக்கு வருகிறேன். ஸ்கூட்டர் ஹெல்மெட் ஆகாது. ஸ்னெல் என்ற அறக்கட்டளை ஹெல்மெட்டுகளுக்குத் தரம் வகுக்கிறது. 1956இல் பந்தய விபத்தில் தலையில் அடிபட்டு இறந்த ஓட்டுநர் ஸ்னெல்லின் நினைவாக அடுத்த ஆண்டு தொடங்கியது. அதில் எம் என்றால் மோட்டார் சைக்கிள், எஸ்ஏ என்றால் கார் பந்தயம். எஸ்ஏ ஹெல்மெட்டுக்குத் தீச் சோதனையும், கூண்டுக் கம்பியில் திரும்பத் திரும்ப மோதும் சோதனையும் உண்டு. இரவல் ஹெல்மெட் எனக்குத் தலையாட்டினால் தனியாக ஆடியது. ஆடுகிற ஹெல்மெட் இருந்தும் பயனில்லை. பழையதாக வாங்கினால் முன்பு கீழே விழுந்ததா என்று யாருக்கும் தெரியாது. புதிய எஸ்ஏ2020, 280 டாலர். கொண்டை போட்டால் உள்ளே போகாது. தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு உடைக்குள் விட்டுக்கொண்டேன்.

கழுத்துக் காப்புச் சாதனம் 370 டாலர். பட்டியலிலேயே விலை அதிகம் அதுதான், பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருப்பதும் அதுதான். தோளில் நுகத்தடி போல உட்கார்ந்து, பெல்ட்டுக்கு அடியில் மாட்டி, இரண்டு வார்களால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ளும். மோதலில் உடம்பு பெல்ட்டில் நின்றுவிடும், தலை நிற்காது. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து முன்னே பாயும் வேகத்தில் மண்டையோட்டின் அடித்தளம் முறியும். 1981இல் தங்கள் நண்பரை அப்படி இழந்த பிறகு, ஜிம் டௌனிங் என்ற பந்தய ஓட்டுநரும் அவருடைய மைத்துனரான பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும் உருவாக்கியது 'ஹான்ஸ்'. பல ஆண்டுகள் யாரும் சீந்தவில்லை, அசௌகரியமாம். 2001இல் டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகுதான் விழித்தார்கள். இதிலும் அளவு உண்டு. இரவலாக வந்த நடுத்தர அளவு என் தோளிலிருந்து வழுகியது. சிறியது வாங்கினேன்.

கையுறை 65, காலணி 85, முகமூடி 30, காலுறை 20. கையுறையில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு: 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமான் குரோஜான் சுமார் 28 விநாடி நெருப்புக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தார். வெந்தது கைகள். 2011இல் இண்டியானாபொலிஸில் சிமோனா டி சில்வெஸ்ட்ரோவின் கார் தீப்பிடித்தபோதும் கைகள்தான். கட்டுப் போட்ட கையோடு அவர் பந்தயத்துக்குத் தகுதி பெற்றார் என்பது வேறு கதை.

ஆக மொத்தம் 1,220 டாலர். 500 டாலர் காருக்கு. எல்லாம் என் சொந்தக் காசு. வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, ஆனால் மூன்று நாள் குற்ற உணர்வோடு திரிந்தேன். கணவர் எழுநூறு டாலருக்குக் கேமரா லென்ஸ் வாங்கியபோது அவர் அப்படித் திரிந்ததாக எனக்கு நினைவில்லை.

உடையைப் பகிர்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெட்ரோல் ஊற்றுகிறவரும் முழு உடையில் இருக்க வேண்டும். இறங்குகிறவர் ஒருவர், ஏறுகிறவர் ஒருவர், ஊற்றுகிறவர் ஒருவர். ஒரே நேரத்தில் மூன்று உடம்புக்கு உடை தேவை. இதை வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டியபோது தலைவரே தலையைச் சொறிந்தார். பெல்ட்டிலும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். எஸ்எஃப்ஐ முத்திரை பெல்ட்டின் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. எஃப்ஐஏ முத்திரை என்றால் பொதுவாக ஐந்து ஆண்டு. விலையில் கொஞ்சம் கூட, வருடக் கணக்கில் பார்த்தால் மலிவு. மளிகைக் கணக்குப் பார்த்து வளர்ந்த மூளைக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

சாமான்கள் வந்துவிட்டன. இனி பிரச்சினையில்லை என்று நினைத்தேன்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு, தலைவர் வீட்டு கராஜில் ஒத்திகை. முழு உடையில், பெல்ட் இறுக்கி உட்கார வேண்டும். "தீ!" என்று கத்தியதும் வெளியே வர வேண்டும். தலைவர் 8 விநாடி. இன்னொருவர் 9. மூன்றாமவர், ஐந்தடி ஐந்து அங்குலம், 14 விநாடியில் வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ நகைச்சுவை சொன்னார். நான் 31.

என் உடை எனக்குக் கொடுப்பது 10 விநாடி. மீதி 21 விநாடியை நான் என்ன செய்வேன்?

பெல்ட் ஒரே திருகலில் கழன்றது. ஸ்டீயரிங்கும் வந்துவிட்டது. ஜன்னல் வலையின் தாழ்ப்பாள் எனக்கு எட்டவில்லை. ஆறடி ஆளின் கைக்கு எட்டும் உயரத்தில், கூண்டின் மேல் கம்பியில் அது இருந்தது. இருக்கையை முன்னே தள்ளியும் நான் உள்ளே ஒரு கிணற்றில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தேன். தோள்பட்டைகள் வரும் துளை என் தோளுக்கு மேலே இருந்தது. "இதை வைத்துக்கொள்" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு சோபா குஷனைக் கொண்டுவந்து கொடுத்தார் தலைவர்.

அந்தக் குஷனை வாங்கிக்கொண்டு சரி என்று சொல்லியிருந்தால் மாலை இனிமையாக முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் படித்துவிட்டேனே! மோதலில் மெத்தை நசுங்கும். நசுங்கினால் உடம்பு கீழே போகும், பெல்ட் தளரும், இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றில் ஏறும். "முடியாது" என்றேன். "காரில் மூன்று மாற்றம் வேண்டும். இல்லையென்றால் நான் ஓட்டவில்லை, நுழைவுக் கட்டணத்தில் என் பங்கைத் திருப்பிக் கொடுங்கள்." என் குரல் நடுங்கியது. கராஜ் அமைதியானது. "இந்தக் காரை எல்லோரும் இப்படியே ஓட்டியிருக்கிறோம்" என்றார் ஒருவர்.

எல்லோரும் என்றால் யார்? சாலையில் ஓடும் கார்களுக்கே இதுதான் நிலைமை. அமெரிக்க அரசின் நட்சத்திர மதிப்பீட்டுக்கான முன்மோதல் சோதனையில் ஓட்டுநர் இருக்கையில் நடுத்தர ஆணின் பொம்மை உட்கார்ந்திருக்கும். பெண் பொம்மை பக்கத்து இருக்கையில். அதுவும் ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்த, ஐந்தடிக்கும் குறைவான பொம்மை. பெல்ட் போட்டிருந்தாலும் விபத்தில் பெண் ஓட்டுநருக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு 2011இல் சொன்னது. இதையெல்லாம் அன்று கராஜில் நான் சொல்லவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதனால் 31 என்ற எண்ணை மட்டும் திரும்பச் சொன்னேன்.

தலைவர் கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் ஹெல்மெட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தரையோடு தரையாக என் கண் உயரத்துக்குக் குனிந்து உள்ளே உட்கார்ந்து பார்த்தார். "இங்கிருந்து எதுவுமே தெரியவில்லையே" என்றார்.

மூன்று மாற்றமும் சேர்த்து 100 டாலர்தான் ஆனது. வலையின் தாழ்ப்பாளோடு ஒரு நீண்ட பட்டையை இணைத்து என் கைக்கு எட்டும்படி தொங்கவிட்டோம். தீயணைப்புக் குழாயைத் திறக்கும் பிடியையும் கீழே இறக்கினோம். மூன்றாவது, இருக்கை அச்சு. இரண்டு திரவங்களைக் கலந்து பிளாஸ்டிக் பைக்குள் ஊற்றி, இருக்கையில் வைத்து, அதன் மேல் உட்கார வேண்டும். முதுகுக்குப் பின்னால் அது சூடாகிப் பொங்கி, நம் உடம்பின் வடிவத்திலேயே கெட்டியாகிவிடும். குஷன் போல நசுங்காது. உட்காரும் உயரம் இரண்டு அங்குலம் கூடியது, தோள்பட்டைகள் சரியான கோணத்துக்கு வந்தன. ஓரங்களைச் சீவித் தீத்தடுப்புத் துணியால் உறை தைத்தேன். ஓட்டுநர் மாறும்போது எடுத்துவிட்டால் போதும்.

அடுத்த ஒத்திகையில் 17. பிறகு 12. வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கையசைவுகளைப் பழகினேன். பெல்ட், ஸ்டீயரிங், வலை, கால். மகள் தொலைபேசியில் நேரம் குறித்தாள். கடைசி ஒத்திகையில் 9.

வில்லோஸ் ஊருக்கு வெளியே தண்டர்ஹில் தடத்தில் சனிக்கிழமை மதியம் நான் ஓட்டினேன். ஒரு மணி நாற்பது நிமிடம். வேகமாக ஓட்டினேன் என்று சொல்ல ஆசைதான். எல்லோரும் என்னை முந்தினார்கள், மேலே வாழைப்பழ பொம்மை கட்டிய வேன் ஒன்று இரண்டு முறை முந்தியது. ஒன்றும் தீப்பிடிக்கவில்லை. இறங்கியபோது தோளில் பெல்ட் பதிந்த தடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

அன்று இரவு கூடாரத்தில் எல்லோரும் தூங்கப் போன பிறகு, ஐந்தடி ஐந்து அங்குல நண்பர் வந்தார். இரண்டு வருடமாக இந்த அணியில் ஓட்டுகிறவர். கொஞ்சம் தயங்கினார்.

"உன்னுடைய அந்த இருக்கை அச்சு... நாளைக்குக் காலையில் என் ஷிஃப்டுக்கு வைத்துப் பார்க்கட்டுமா?"

"உங்கள் உடம்பு அளவு வேறே, உங்களுக்கென்று ஒன்று ஊற்றிக்கொள்ள வேண்டும்" என்றேன்.

"தெரியும். எனக்கும் அந்த வலை சரியாக எட்டாது" என்றார். "எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்."

மிச்சத் திரவம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கராஜில், இரண்டாவது அலமாரியில் என்று சொன்னேன். அன்று அவருக்குத் தாழ்ப்பாள் பட்டையை இன்னும் நாலு அங்குலம் நீட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தூங்கினோம்.